ஒரு டாக்டர், ஒரு மேப், 30 கிராம் நார்

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்னு கேட்டா உடனே ஒரு நம்பர் சொல்லிடுவீங்க. எவ்வளவு புரோட்டீன் வேணும்னு கேட்டா, ஜிம்முக்குப் போகிற நண்பர் ஒருத்தர் உங்க வெயிட்டைக் கேட்டுக் கணக்கே போட்டுத் தருவார். எவ்வளவு நார்ச்சத்து வேணும்? இதுக்கு மட்டும் ஹாஸ்டல் முழுக்கச் சுத்தினாலும் பதில் கிடைக்காது.

பதில் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. பிரிட்டன் 30 கிராம் என்கிறது. இந்த நம்பர்கள் எப்படி வந்தன என்று தேடிப் போனால், வழியில் ஒரு மனிதரைச் சந்தித்தே ஆகணும். அவர் பெயர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்தில் பிறந்த சர்ஜன்.

மெடிக்கல் படிக்கிற உங்க நண்பர்களிடம் கேளுங்க. பர்கிட் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு இவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அது அவர் வாழ்க்கையின் முதல் பாதி. இரண்டாவது பாதி முழுக்க நார்ச்சத்து. இரண்டு பாதியிலும் அவர் செய்தது ஒரே வேலைதான்: ஒரு நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று எண்ணிப் பார்ப்பது. அந்த முறை ஒரு தடவை அவரை அழகாகக் கரை சேர்த்தது. இன்னொரு தடவை பாதி ஆற்றில் விட்டது. இரண்டையும் சேர்த்துப் படிச்சாதான் இந்த 25, 30 எல்லாம் என்னன்னு புரியும்.

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங்

1911 பிப்ரவரி 28-ஆம் தேதி, அயர்லாந்தின் வடக்கில் உள்ள என்னிஸ்கில்லன் என்ற சின்ன ஊரில் பர்கிட் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பர்கிட் அந்த மாவட்டத்தின் அரசு இன்ஜினியர். ரோடு, பாலம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீஸ் நேரம் போக, தோட்டத்துக்கு வரும் ராபின் குருவிகளைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி விடுவார். எந்தக் குருவி எந்த மரத்தில் உட்காருகிறது, எது எந்த எல்லையைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று வருஷக்கணக்கில் மேப் போட்டார். அவர் எழுதிய கட்டுரைகளைப் பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மதிக்கிறார்கள். வீட்டுத் தோட்டமும் பொறுமையும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்பதைப் பையன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தான்.

11 வயதில் ஒரு விபத்து. பையன்கள் கல்லெறிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கல் அவருடைய மூக்குக் கண்ணாடியில் பட்டு உடைந்தது. வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு கண்தான்.

1929-இல் டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். எந்தக் கோர்ஸ் தெரியுமா? அப்பா மாதிரியே இன்ஜினியரிங். ஆனால் முதல் வருஷத்திலேயே மனசு மாறியது. கல்லூரியில் ஒரு கிறிஸ்தவ மாணவர் குழுவோடு பழகினார். கடவுள் நம்பிக்கை ஆழமானது. தனக்கு விதிக்கப்பட்டது மருத்துவம்தான் என்று முடிவு செய்து டிபார்ட்மென்ட் மாறிவிட்டார். நம்மில் பாதிப் பேர் செகண்ட் செமஸ்டரில் யோசிச்சதை அவர் செஞ்சே காட்டிட்டார்.

1935-இல் டாக்டர் பட்டம், 1938-இல் எடின்பரோவில் சர்ஜன் தகுதி. ஆப்பிரிக்காவில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையோடு பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய முடியுமா என்று நிராகரித்தார்கள். அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து கென்யாவிலும் சோமாலிலாந்திலும் வேலை பார்த்தார். 1943-இல் ஆலிவ் ராஜர்ஸ் என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். போர் முடிந்து மறுபடி விண்ணப்பித்தபோது இடம் கிடைத்தது. 1946-இல் உகாண்டாவுக்குப் போனார்.

அங்கே லிரா என்ற ஊரில் முதல் போஸ்டிங். ஒரு பெரிய வட்டாரத்துக்கே மருத்துவம் பார்க்க வேண்டிய பொறுப்பு. அங்கே விதைப்பையில் நீர் கோர்த்து வீங்கும் நோயோடு நிறைய ஆண்கள் வந்தார்கள். யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று குறித்து வைத்ததில் அவருக்கு ஒன்று தெரிந்தது. மாவட்டத்தின் ஒரு பக்கத்தில் இந்த நோய் ஏராளம். இன்னொரு பக்கத்தில் அபூர்வம். ஆபரேஷன் செய்வதோடு விட்டிருக்கலாம். அவர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து அதைப் பிரசுரித்தார். அப்பாவின் குருவி மேப் இங்கே நோய் மேப் ஆனது.

இரண்டு குழந்தைகள், ஒரே முகம்

1948-இல் கம்பாலாவில் உள்ள முலாகோ ஆஸ்பத்திரிக்கு மாற்றல். 1957-இல் ஒருநாள், அங்கே வேலை பார்த்த ஹியூ ட்ரோவெல் என்ற டாக்டர் ஒரு சிறுவனைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். மேல்தாடை, கீழ்த்தாடை, இடது, வலது என நான்கு மூலையிலும் வீக்கம். இன்ஃபெக்‌ஷன் என்றால் ஒரு பக்கம் வரும். இப்படி நாலா பக்கமும் வராது. பர்கிட்டுக்குப் புரியவில்லை.

சில வாரம் கழித்து ஜின்ஜா என்ற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே புல்தரையில் ஒரு அம்மா, மடியில் ஒரு குழந்தை. அதே முகம், அதே வீக்கம். ஒரு தடவை பார்த்தால் விசித்திரம் என்று விட்டுவிடலாம். இரண்டு தடவை பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. முலாகோவின் பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் புரட்டினார். தாடையில் ஒரு பெயர், வயிற்றில் இன்னொரு பெயர், கண்ணில் வேறு பெயர் என்று தனித்தனிப் புற்றுநோய்களாக எழுதி வைக்கப்பட்டவை எல்லாம் ஒரே நோயாக இருக்கலாம் என்று தோன்றியது. 1958-இல் கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆப்பிரிக்கா முழுக்க இருக்கும் அரசு, மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் படம் போட்ட நோட்டீஸை ஆயிரத்துக்கும் மேல் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். இந்த மாதிரிக் குழந்தை உங்க ஊரில் உண்டா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இன்றைக்கு நாம ப்ராஜெக்ட்டுக்காக ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விடுகிறோமே, அதேதான். வித்தியாசம், அவர் பதில் வந்த ஒவ்வொன்றையும் மேப்பில் குத்தி வைத்தார். ஆப்பிரிக்காவின் நடுவில் ஒரு பட்டை தெரிந்தது. பட்டைக்கு வெளியே நோய் இல்லை.

பட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது? அதைப் பார்க்க 1961 அக்டோபரில் நண்பர்கள் இரண்டு டாக்டர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் கிளம்பினார். நண்பர்களில் ஒருவரான டெட் வில்லியம்ஸுக்கு மெக்கானிக் வேலையும் தெரியும். பத்து வாரம், 10,000 மைல், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள். தென்னாப்பிரிக்கா வரைக்கும் போய்த் திரும்பினார்கள். மொத்தச் செலவு 678 பவுண்டு.

முதலில் கடல் மட்டத்திலிருந்து உயரம்தான் காரணம் போலத் தெரிந்தது. ஆனால் நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்த உயரம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் உயரத்துக்குப் பின்னால் இருப்பது வெப்பநிலை என்று புரிந்தது. குளிர் காலத்திலும் சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத, ஓரளவு மழை பெய்கிற இடங்களில்தான் இந்த நோய். அதாவது கொசு நன்றாக வாழ்கிற இடங்கள். மலேரியா மேப்பையும் இந்த மேப்பையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் பொருந்தின.

அதே 1961 மார்ச்சில் லண்டனில் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் அவர் பேசியபோது, ஆண்டனி எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் இருந்தார். கேட்டதுமே இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் சாம்பிள்கள் போயின. 1964-இல் எப்ஸ்டீனும் அவருடன் வேலை செய்த பார், அச்சோங் இருவரும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்த வைரஸைக் கண்டார்கள். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்த முதல் வைரஸ் அது. எப்ஸ்டீன்–பார் வைரஸ் என்று இன்று பெயர். மலேரியா உடம்பின் எதிர்ப்பைக் கெடுப்பதும் இந்த வைரஸும் சேர்ந்துதான் அந்தப் பட்டையில் நோயை உண்டாக்குகின்றன என்பது பிறகு தெளிவானது. இதற்கிடையில், ரேடியேஷன் வசதி இல்லாத கம்பாலாவில் பர்கிட் மருந்து கொடுத்துப் பார்த்தார். கட்டி கரைந்து, சில குழந்தைகள் முழுசாகக் குணமானார்கள். மருந்தாலேயே புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு உலகில் கிடைத்த ஆரம்பகால ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தாலே அவர் பெரிய மனிதர்தான்.

தவிட்டு டாக்டர் சொன்ன விஷயம்

உகாண்டாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது. பர்கிட் 1966-இல் லண்டன் திரும்பி, மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலில் சேர்ந்தார். வயது 55. அடுத்த வருஷம், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் மூலமாக, பீட்டர் கிளீவ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டரைச் சந்தித்தார்.

கிளீவ் ஒரு தனி ரகம். போர்க்காலத்தில் கப்பலில் மாலுமிகளின் மலச்சிக்கலுக்குக் கோதுமைத் தவிட்டைக் கொடுத்துச் சரிசெய்தவர். வெள்ளை மாவு, சர்க்கரை என்று சுத்திகரித்த மாவுச்சத்துதான் பல மேற்கத்திய நோய்களுக்கு ஒரே வேர் என்று புத்தகம் எழுதியிருந்தார். மருத்துவ உலகம் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கொடுத்த நோய்ப் பட்டியலைப் படித்ததும் பர்கிட் திகைத்துப் போனார். அப்பென்டிக்ஸ், மூலம், பித்தப்பைக் கல், பெருங்குடல் சுவர் பலூன் மாதிரி அங்கங்கே பிதுங்கும் டைவர்டிகுலர் நோய், பெருங்குடல் புற்றுநோய். பிரிட்டனில் ஒரு சர்ஜனின் வாரம் முழுக்க இவற்றிலேயே போய்விடும். உகாண்டாவில் இருபது வருஷத்தில் கிராமத்து ஆப்பிரிக்கர்களிடம் இவற்றை அவர் பார்த்ததே அபூர்வம். பார்க்காத ஒன்றை யாரும் குறித்து வைப்பதில்லை. அதனால்தான் அது அதுவரை அவர் கண்ணில் படவில்லை.

அவரிடம் ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளின் முகவரிப் பட்டியல் இருந்தது. மறுபடி தபால். இந்த மாதம் எத்தனை அப்பென்டிக்ஸ், எத்தனை பித்தப்பைக் கல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து பதில்கள் வந்தன. கிராமங்களில் அநேகமாகப் பூஜ்யம். நகரத்துக்குக் குடியேறி ரொட்டியும் சர்க்கரையும் சாப்பிட ஆரம்பித்தவர்களிடம் எண்ணிக்கை ஏறுகிறது.

இங்கேதான் பர்கிட் கிளீவிடமிருந்து விலகினார். கிளீவ், மாவில் எஞ்சி நிற்கும் சர்க்கரையும் ஸ்டார்ச்சும்தான் குற்றவாளி என்றார். பர்கிட் மில்லின் மறுபக்கத்தைப் பார்த்தார். சலித்து வெளியே கொட்டுகிறார்களே தவிடு, அது போனதால் என்ன ஆகிறது? நார்ச்சத்து ஜீரணமாகாது, சத்தும் இல்லை, எனவே அது வெறும் கழிவு என்றுதான் அன்றைய பாடப்புத்தகங்கள் நினைத்தன. டைவர்டிகுலர் நோயாளிகளுக்கு நார் இல்லாத உணவைத்தான் டாக்டர்களே சிபாரிசு செய்தார்கள்.

அளக்கணும். எதை அளப்பது? வேறு வழியே இல்லை, மலத்தைத்தான். சிரிக்காதீங்க, இதில்தான் முழு வாதமும் நிற்கிறது. எக்ஸ்ரேயில் தெரிகிற குட்டி உருண்டைகளை விழுங்கச் சொல்லி, அவை வெளியே வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ணினார்கள். மலத்தை எடை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அலெக் வாக்கர் என்பவர் இதில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார். பர்கிட், வாக்கர், நீல் பெயின்டர் மூவரும் 1972-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டு ஓரங்கள் இப்படி: உகாண்டா கிராமத்தினருக்குச் சாப்பாடு வெளியே வர சராசரியாகச் சுமார் 36 மணி நேரம், ஒரு நாள் மலம் சுமார் 470 கிராம். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த ஒரு குழுவுக்குச் சுமார் 83 மணி நேரம், வெறும் 104 கிராம்.

இதை ஒரு ஃப்ளூயிட் பிராப்ளமாக யோசிச்சுப் பாருங்க. பெருங்குடல் ஒரு குழாய். சுவரில் உள்ள தசை சுருங்கித்தான் உள்ளே இருப்பதைத் தள்ளும். உள்ளே இருப்பது மென்மையாக, பருமனாக இருந்தால் குழாய் அகலமாகவே இருக்கும், லேசான அழுத்தம் போதும். கொஞ்சமாக, கெட்டியாக இருந்தால் குழாய் இறுகிச் சிறுத்துத் தள்ள வேண்டும். சுவரின் இழுவிசை அதேதான், ஆரம் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். செகண்ட் இயரில் படித்த அதே ஃபார்முலா. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தம் தாங்காமல் சுவரின் பலவீனமான இடங்கள் வெளியே பிதுங்குகின்றன என்பது பெயின்டரும் பர்கிட்டும் சொன்ன விளக்கம். பெயின்டர் வழக்கத்துக்கு மாறாக டைவர்டிகுலர் நோயாளிகளுக்குத் தவிடு கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானோருக்கு வலி குறைந்தது. முக்கி முக்கிப் போவதால் மூலம் வருகிறது என்பதும், நீண்ட நேரம் தேங்கும் கழிவு குடல் சுவரைக் கெடுத்துப் புற்றுநோய் வரை போகலாம் என்பதும் பர்கிட்டின் அடுத்தடுத்த அனுமானங்கள்.

அந்தக் கிராமத்தினர் என்ன சாப்பிட்டார்கள்? வாழைக்காயை வேகவைத்து மசித்த மத்தோக்கே, சர்க்கரைவள்ளி, பீன்ஸ், சிறுதானியங்கள். அந்தச் சிறுதானியங்களில் முக்கியமானது நம்ம கேழ்வரகுதான். அதன் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பு கடல் தாண்டி நம்ம பக்கம் வந்த தானியம் அது.

1972-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், லிம்ஃபோமா வேலைக்காக அமெரிக்காவின் லாஸ்கர் விருதும் பர்கிட்டுக்குக் கிடைத்தன. அந்தப் புகழ் கொடுத்த மேடைகளை எல்லாம் அவர் நார்ச்சத்துக்குப் பயன்படுத்தினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆப்பிரிக்கக் கிராமங்களில் தானே எடுத்த மலத்தின் போட்டோக்களைப் பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்குகளில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். ஒரு நாட்டில் மலம் எவ்வளவு பெரிதோ, ஆஸ்பத்திரிகள் அவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்பது அவர் பேச்சின் சாரம். தாடை வீங்கிய குழந்தையை முதலில் காட்டிய அதே ஹியூ ட்ரோவெல், இடையில் பாதிரியாராகவும் ஆகியிருந்தவர், மறுபடி வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1975-இல் ஒரு பெரிய நூலைத் தொகுத்தார்கள். 1979-இல் பர்கிட் சாதாரண மக்களுக்காக எழுதிய நார்ச்சத்துப் புத்தகம் அமோகமாக விற்றது. பிரிட்டனில் காலை உணவுக் கம்பெனிகள் பாக்கெட்டில் தவிடு என்ற வார்த்தையைப் பெரிதாகப் போட ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

மேப் எங்கே சறுக்கியது?

லிம்ஃபோமாவுக்கு மேப் போட்டபோது கடைசியில் ஒரு வைரஸ் கையில் சிக்கியது. நார்ச்சத்துக்கு அப்படி எதுவும் சிக்கவில்லை. உகாண்டா கிராமத்துக்கும் லண்டனுக்கும் நடுவே நார் மட்டுமா வித்தியாசம்? இறைச்சி, கொழுப்பு, சர்க்கரை, உடல் உழைப்பு, உடம்பின் பருமன், எத்தனை வயது வரை வாழ்கிறார்கள், இன்ஃபெக்‌ஷன்கள், உட்காரும் விதம், எல்லாமே வேறு. டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு இதுக்குப் பெயர் தெரியும். இரண்டு விஷயம் சேர்ந்து ஏறி இறங்கினால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. அவர் காலத்திலேயே இதைச் சொல்லிக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. பர்கிட் தன் முடிவில் உறுதியாகவே இருந்தார்.

அவர் இறந்த பிறகு வந்த சோதனைகள் அவரைச் சும்மா விடவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஏற்கெனவே குடலில் பாலிப் என்ற சதை வளர்ச்சி வந்து நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வருஷம் நார்ச்சத்தைக் கூட்டினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாலிப் மறுபடி வருவது குறையவில்லை. 2012-இல் இன்னொரு அமெரிக்க ஆய்வு, குடல் பிதுக்கங்கள் நார் அதிகம் சாப்பிடுபவர்களிடமும் குறைவாக இல்லை என்று காட்டியது. அழுத்தக் கணக்கு அழகாக இருந்தது. ஆனால் உடம்பு அந்த ஒரு ஃபார்முலாவோடு நிற்கவில்லை.

அப்படியானால் அவர் சொன்னது தப்பா? அங்கேயும் அவசரப்பட வேண்டாம். ஐரோப்பாவில் பத்து நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. நார் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. 2015-இல் ஒரு குழு செய்தது இன்னும் சுவாரசியம். இருபது ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் இருபது பேரும் இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து ஒரு நாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமுக்கு ஏறியது. கிராமத்தினருக்கு 66-லிருந்து 12-க்கு இறங்கியது. கொழுப்பும் இறைச்சியும் கூடவே மாறின. அதனால் முழுப் பாராட்டும் நாருக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வாரத்திலேயே குடல் பாக்டீரியாக்களின் வேலையும், குடல் சுவரில் புற்றுநோய் ஆபத்தைக் காட்டும் அடையாளங்களும் இரு பக்கமும் தலைகீழாகின.

பாக்டீரியா, இதுதான் பர்கிட் அதிகம் கவனிக்காத இடம். அவர் நாரை முக்கியமாகப் பருமன் கொடுக்கிற, தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருளாகப் பார்த்தார். அது பாதி உண்மை. மீதி, நாரின் ஒரு பகுதியைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதில் ஒன்றான பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். ஓட்ஸில் இருப்பது போன்ற கரையும் நார் கெட்ட கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது.

கடைசியாக 2019-இல், உலக சுகாதார நிறுவனத்துக்காக நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 185 தொடர் ஆய்வுகளையும் 58 சோதனைகளையும் சேர்த்து அலசினார்கள். நார் மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிட அதிகம் சாப்பிடுபவர்களுக்கு மரணம், இதய நோய், டைப் 2 சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் 15 முதல் 30 சதவீதம் குறைவு. பலன் நன்றாகத் தெரிந்த அளவு ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம்; அதற்கு மேல் போனால் இன்னும் கொஞ்சம் நல்லதாக இருக்கலாம். உங்க நம்பர் வந்த வழி இதுதான். தபால் நோட்டீஸில் ஆரம்பித்த கேள்விக்கு, ஐம்பது வருஷம் கழித்து, அவர் எதிர்பார்த்ததைவிட அடக்கமான, ஆனால் உறுதியான ஒரு பதில்.

பர்கிட் அந்தப் பதிலைப் பார்க்கவில்லை. 1993 மார்ச் 23-ஆம் தேதி, இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் பக்கவாதத்தால் இறந்தார். வயது 82.

நம்ம தட்டில் எவ்வளவு?

நம்மூர்க் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிராம் வெள்ளை அரிசியில், சமைக்கும் முன், சுமார் 3 கிராம் நார்தான் இருக்கு. மூணு வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 9 கிராம். பரோட்டாவுக்கு மாறினாலும் மைதாவிலும் அதே கதைதான். முழுக் கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் நூறு கிராமுக்குச் சுமார் 11 கிராம். கொண்டைக்கடலையில், ஊறவைக்கும் முன், சுமார் 25 கிராம். அரிசியின் 9 கிராமோடு, 60 கிராம் கடலையில் செய்த சுண்டல் 15 கிராம், ஒரு கொய்யா குறைந்தது 5 கிராம். கூட்டினால் 29. பொரியலையும் கீரையையும் தட்டு ஓரத்தில் ஒதுக்காமல் சாப்பிட்டால் 30 தாண்டிடும்.

ஒரே நாளில் பத்திலிருந்து முப்பதுக்குத் தாவாதீங்க. வயிறு உப்பி, ரூம்மேட்டுக்கும் கஷ்டம். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏத்துங்க, கூடவே தண்ணீரையும் ஏத்துங்க. குடல் பிரச்சினைக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கணும்.

உங்க ஹாஸ்டலில் மெஸ் கமிட்டி இருந்தால், அடுத்த மாத மெனுவில் வாரத்துக்கு மூணு நாள் சுண்டல் கேளுங்க. ஏன்னு கேட்டா, ஒரு வருஷம் இன்ஜினியரிங் படித்த ஒரு டாக்டரின் கதையைச் சொல்லுங்க. ஸ்லைடு மட்டும் வேண்டாம்.